மெய்நிகர் இயந்திரங்களைக் கிளவுடுக்கு மாற்றும் வழிகள்: வட்டுக்கு வட்டு ஓர் ஒப்பீடு

சொந்தத் தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே வன்பொருளில் மென்பொருளால் உருவாக்கப்படும் தனித்தனிக் கணினிகளை) கிளவுடுக்கு மாற்றத் திட்டமிடும் குழுக்கள், பெரும்பாலும் எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்ற கேள்வியிலேயே பேச்சைத் தொடங்குகின்றன. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒவ்வோர் இயந்திரத்திலும் உள்ள வட்டுகள் எல்லாம் ஒரே வழியில்தான் போக வேண்டுமா? இயங்குதளம் இருக்கும் வட்டு பெரும்பாலும் சிறியது. ஆனால் புதிய ஹைப்பர்வைசரின் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளின்) கீழ் அது பூட் ஆகுமா என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. தரவு வட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பவையே அதன் சிக்கல்கள். இயல்பிலேயே வேறுபட்ட இவ்விரண்டுக்கும் ஒரே வழியைத் திணிப்பதுதான் பல இடமாற்றங்கள் இழுபறியாவதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. கீழே வரும் ஒப்பீடு இந்தக் கோணத்தில்தான் செல்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 10 டெராபைட் தரவை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்பினால், இணைப்பு முழுவதும் நமக்கே கிடைத்தாலும் 9 நாட்களுக்கு மேல் ஆகும். 1 கிகாபிட் இணைப்பில் அதுவே ஏறத்தாழ 22 மணி நேரம். இதோடு மாறும் தரவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 சர்வர்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு 20 கிகாபைட் அளவுக்குப் பிளாக்குகள் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) மாறுவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 400 கிகாபைட். அந்த மாற்றங்களை ஈடுகட்ட மட்டுமே சராசரியாக 37 மெகாபிட் போய்விடுகிறது. எஞ்சிய 63 மெகாபிட்டில் முதல் பிரதி முடிய 15 நாட்கள் ஆகும். மாறும் வேகம் இணைப்பின் வேகத்தைத் தாண்டினால், எந்தக் கருவியாலும் பிரதி மூலத்தை எட்டிப் பிடிக்க முடியாது. இயங்கும் இயந்திரத்தின் தரவை இணைப்பு வழியாக அனுப்பும் எந்த வழிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

படிமமாக ஏற்றுவது

மிகப் பழைய வழி இது: இயந்திரத்தை நிறுத்தி, வட்டைக் கோப்பாக எடுத்து, வடிவத்தை மாற்றி, கிளவுடின் ஆப்ஜெக்ட் சேமிப்பகத்தில் ஏற்றி, அங்கிருந்து புதிய இயந்திரத்தை உருவாக்குவது. கூடுதல் மென்பொருளோ, கிளவுடுடன் நிரந்தர இணைப்போ தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வடிவத்தில் தனித்தனிப் பிடிவாதம் உண்டு. மைக்ரோசாஃப்டின் அஸூர் நிலையான அளவுள்ள விஎச்டி வகை வட்டுக் கோப்பை மட்டுமே ஏற்கும், அதன் பிந்தைய வடிவமான விஎச்டிஎக்ஸ் செல்லாது, வட்டின் அளவு 1 மெகாபைட்டின் முழு மடங்காகவும் இருக்க வேண்டும். கூகுள் கிளவுடுக்குக் கையால் ஏற்றும் படிமத்தில், டிஸ்க்.ரா என்ற பெயரிலேயே உள்ள கோப்பு டார் காப்பகத்துக்குள் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். அமேசானின் இறக்குமதிச் சேவை விஎம்டிகே, விஎச்டி, ரா, ஓவிஏ ஆகியவற்றை ஏற்கும் என்பதால் ஓரளவு தாராளமானது. இருந்தாலும், விஎம்வேர் என்ற மெய்நிகராக்க மென்பொருளிலிருந்து முறைப்படி ஏற்றுமதி செய்த விஎம்டிகேதான் அதற்குச் செல்லும், சேமிப்பகத்திலிருந்து நேரடியாக நகலெடுத்த கோப்பு செல்லாது.

வடிவத்தைச் சரிசெய்த பிறகும் பூட் ஆகாமல் நிற்பதுதான் இந்த வழியில் அடிக்கடி நடப்பது. ரெட் ஹேட் குடும்ப லினக்ஸில், தொடக்க ராம் படிமத்தை (பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பை) உருவாக்கும் டிராகட் என்ற கருவி, இயல்பாக அப்போதைய வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே உள்ளே வைக்கிறது. விஎம்வேரின் கீழ் உருவான அந்தப் படிமத்தில், கிளவுடில் வட்டைப் படிக்கத் தேவையான ஹைப்பர்-வியின் சேமிப்பக டிரைவரோ, என்விஎம்இ டிரைவரோ, விர்ட்ஐஓ டிரைவரோ இல்லாமல் போகலாம். அப்படியானால் கர்னல் எழும், ரூட் வட்டைத் தேடும், சில நிமிடங்கள் காத்திருக்கும், பிறகு டிராகட்டின் அவசர நிலை ஷெல்லில் நின்றுவிடும். பூட் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலைத் திறந்து பார்க்காதவருக்கு இயந்திரம் 'இயங்குகிறது' என்றே திரையில் காட்டும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் மட்டும் பதில் சொல்லாது. மூல இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தேவையான டிரைவர்களைச் சேர்த்து ராம் படிமத்தை மறுபடி உருவாக்குவதும், எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் சாதனப் பெயர்களுக்குப் பதிலாக யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணை எழுதுவதும் இதைத் தவிர்க்கும். இந்த வேலையை ஏற்றிய பிறகு செய்ய முயல்வது, வட்டைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் மாட்டித் திருத்தும் நீண்ட வழியில்தான் கொண்டுபோய் விடும்.

வாரக் கடைசியில் நிறுத்திவைக்கக்கூடிய சிறிய இயந்திரங்களுக்கு இந்த வழி போதுமானது. நிறுத்திய கணத்திலிருந்து ஏற்றி முடியும் வரை முழு நேரமும் சேவை இருக்காது என்பதால், பெரிய தரவு வட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடர் பிரதியெடுப்பு: ஏஜென்ட் உள்ளதும் இல்லாததும்

இன்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இந்த வழிதான். இயந்திரம் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் பிளாக்குகள் கிளவுடுக்குப் போய்ச் சேர்கின்றன. கடைசியில் ஒரு குறுகிய நிறுத்தத்தில் மாற்றம் முடிகிறது. டிரைவர் மாற்றத்தையும் கருவியே பார்த்துக்கொள்கிறது. அமேசான் 2019-இல் வாங்கிய கிளவுட்என்டியூரின் தொழில்நுட்பத்தின் மேல் அதன் அப்ளிகேஷன் மைக்ரேஷன் சர்வீஸ் நிற்கிறது. கூகுள் 2018-இல் வாங்கிய வெலோஸ்ட்ராட்டாவிலிருந்து அதன் கருவி வளர்ந்தது. அஸூரில் அஸூர் மைக்ரேட் இருக்கிறது. விளம்பரப் பக்கங்களில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையான வேறுபாடு, மாறிய பிளாக்குகளை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஏஜென்ட் உள்ள முறையில், இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு மென்பொருள் அமர்ந்து வட்டில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் கவனிக்கிறது. அமேசானின் ஏஜென்ட் லினக்ஸில் ஒரு கர்னல் மாட்யூலை நிறுவுவதால், இயங்கும் கர்னலுக்குப் பொருத்தமான ஹெடர் தொகுப்பு அந்த இயந்திரத்தில் இருக்க வேண்டும். ரெபாசிட்டரி மூடப்பட்டுவிட்ட பழைய இயங்குதளங்களில் நிறுவல் இந்த இடத்தில்தான் நின்றுபோகும். தரவு டிசிபி 1500 போர்ட் வழியாகவும் கட்டுப்பாடு 443 வழியாகவும் செல்வதால், ஃபயர்வால் குழுவிடம் இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. இந்த முறையின் பெரிய பலம், கீழே எந்த ஹைப்பர்வைசர் இருக்கிறது, சேமிப்பகம் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி ஏஜென்ட் கவலைப்படாமல் இருப்பதே. நேரடி வன்பொருளில் ஓடும் சர்வரும் இதில் அடங்கும்.

ஏஜென்ட் இல்லாத முறையில், அஸூர் மைக்ரேட் விஎம்வேரின் ஸ்னாப்ஷாட்டையும் (வட்டின் ஒரு கணத்து நிலையைப் பதிவு செய்வது), 2009-இல் அதன் விஸ்பியர் 4 பதிப்புடன் வந்த மாறிய பிளாக்குகளைக் கண்காணிக்கும் வசதியையும் பயன்படுத்துகிறது. நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்குள் நுழைந்து எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனியே அனுமதி வாங்க வேண்டிய நிறுவனங்களில் இதன் அருமை தெரியும். குறை சேமிப்பகப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாத வட்டு எதுவும் இந்த வழியில் போகாது: பிசிகல் முறையில் இணைத்த ஆர்டிஎம் எல்யூஎன்கள் (இயந்திரத்துக்கு நேரடியாகக் கொடுத்த சேமிப்பகப் பகுதிகள்), ஸ்னாப்ஷாட்டில் சேராதபடி இன்டிபென்டென்ட் என்று குறிக்கப்பட்ட வட்டுகள், இயந்திரத்துக்குள்ளிருந்தே ஐஸ்கசி மூலம் வலையமைப்பு வழியாக ஏற்றிய வட்டுகள் எல்லாம் விடுபடும். மேலும், அதிகம் எழுதும் டேட்டாபேஸ் சர்வரில் ஸ்னாப்ஷாட்டை மீண்டும் ஒன்றிணைக்கும்போது இயந்திரம் சில விநாடிகள் உறைந்து நிற்கலாம்; கிளஸ்டர் அமைப்பில் அந்தச் சில விநாடிகளே தேவையற்ற ஃபெயிலோவருக்கு (வேலை வேறு சர்வருக்குத் தானாக மாறுவதற்கு) போதும்.

இரண்டு முறைகளும் பிளாக் அளவில் வேலை செய்வதால், எது பயனுள்ள தரவு, எது குப்பை என்று அவற்றுக்குத் தெரியாது. நினைவகம் நிரம்பும்போது பயன்படும் ஸ்வாப், எஸ்கியூஎல் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸான டெம்ப்டிபி, இரவில் அதே வட்டில் எழுதப்படும் பேக்கப் கோப்பு, இன்டெக்ஸ் மறுகட்டமைப்பு என எல்லாமே மாறிய பிளாக்குகள்தான். எல்லாமே கம்பி வழியாகப் போகும். இவற்றைத் தனி வட்டுக்கு நகர்த்தி அந்த வட்டைப் பிரதியெடுப்பிலிருந்து விலக்குவது, கூடுதல் அலைவரிசை வாங்குவதைவிடப் பல நேரங்களில் அதிகப் பலன் தரும். வியப்பு என்னவென்றால், ஆய்வுக் கட்டத்தில் இந்தச் சிறிய வேலையை யாரும் திட்டத்தில் எழுதுவதே இல்லை.

விஎம்வேரை அப்படியே கொண்டுபோவது

அஸூர் விஎம்வேர் சொல்யூஷன், கூகுள் கிளவுட் விஎம்வேர் இன்ஜின் போன்ற சேவைகளில் இயந்திரத்தின் வடிவமே மாறுவதில்லை. விஎம்வேரின் எச்சிஎக்ஸ் இடமாற்றக் கருவி பழைய தரவு மையத்தின் உள் வலையமைப்பை (லேயர் 2) கிளவுடு வரை நீட்டித்துத் தருவதால் ஐபி முகவரியும் மாறாது. இயங்கும் இயந்திரத்தை இடம் மாற்றும் விமோஷன் வசதி மூலம் நிறுத்தமே இல்லாமல் நகர்த்தலாம். மொத்தமாக நகர்த்தும் முறையில் மட்டும் கடைசியில் ஒரு மறுதொடக்கம் உண்டு. தொழில்நுட்ப அபாயத்தை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் எளிதான வழி இதுதான். கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது: அஸூரில் குறைந்தது 3 முழு ஹோஸ்ட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால், பத்துப் பதினைந்து இயந்திரங்கள் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிய பிறகு, அந்த உரிமச் செலவிலிருந்து தப்பிக்கவே கிளவுடுக்குப் போகிறவர்கள் இந்த வழியில் அதே செலவைத் தோளில் சுமந்துகொண்டு போகிறார்கள். நீட்டித்த வலையமைப்பில் கேட்வே (வலையமைப்பிலிருந்து வெளியே செல்லும் வாயில்) பழைய இடத்திலேயே இருந்தால், கிளவுடில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு சப்நெட்டுகளுக்கு (வலையமைப்பின் உட்பிரிவுகளுக்கு) இடையேயான போக்குவரத்துகூடப் பழைய தரவு மையம் வரை வந்து திரும்பும் என்பதையும் கவனிக்க வேண்டும். தரவு மையக் குத்தகை முடியப்போகிறது, அவகாசம் இல்லை என்ற நிலையில் மட்டுமே இதை முதலிடத்தில் வைப்பேன்.

தரவை மட்டும் தனியே அனுப்புவது

தரவு வட்டை இயந்திரத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் வழிகள் பெருகுகின்றன. டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்த ரெப்ளிகேஷனே (பிரதியெடுக்கும் வசதியே) பெரும்பாலும் சிறந்தது: கிளவுடில் புதிய இயந்திரம் ஒன்றை எழுப்பி, போஸ்ட்கிரஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், எஸ்கியூஎல் சர்வர் லாக் ஷிப்பிங், ஆரக்கிள் டேட்டா கார்டு போன்றவற்றால் இணைத்து, நாள் பார்த்து மாறிக்கொள்ளலாம். தற்காலிகமாக எழுதப்படும் தரவு எதுவும் கம்பியில் போகாது. பழைய இயங்குதளத்தையும் கூடவே இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒன்று: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துவரிசை விதிகள் மாறின. அதற்கு முந்தைய லினக்ஸிலிருந்து பிந்தைய லினக்ஸுக்குப் போஸ்ட்கிரஸைப் பைட் அளவில் பிரதியெடுத்தால், உரை நிரல்களின் இன்டெக்ஸுகள் பிழையின்றி இருப்பதுபோல் தோன்றினாலும் தேடலில் தவறான விடை தரலாம். மாறிய உடனே அவற்றை மறுபடி கட்ட வேண்டும்.

கோப்பு சர்வர் என்றால் ஆர்சிங்க், ரோபோகாப்பி, அல்லது அமேசான் டேட்டாசிங்க், அஸூர் ஃபைல் சிங்க் போன்ற சேவைகள் உண்டு. ஆர்சிங்கின் வழக்கமான ஆர்க்கைவ் முறையில் ஏசிஎல்களும் (கோப்புக்கான விரிவான அனுமதிப் பட்டியல்களும்) நீட்டிப்புப் பண்புகளும் ஹார்டு லிங்குகளும் (ஒரே கோப்புக்கு உள்ள பல பெயர்களும்) சேராது. தனித்தனியே கேட்டால்தான் வரும். கோடிக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள வட்டில் இந்தக் கருவிகள் பட்டியலெடுக்கவே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே பிளாக் பிரதியெடுப்பே வெல்லும்.

தரவைக் கிளவுடு நிறுவனம் தரும் சேமிப்புப் பெட்டியில் ஏற்றி அனுப்புவதும் இந்த வகையில்தான் வருகிறது. அஸூர் டேட்டா பாக்ஸ் ஒன்றில் 80 டெராபைட் பயன்பாட்டு இடத்தோடு வந்த வகை பரவலாக அறியப்பட்டது. அமேசான் 2016-இல் ஸ்னோமொபைல் என்று ஒரு கன்டெய்னர் லாரியையே 100 பெட்டாபைட் கொள்ளளவோடு அறிமுகப்படுத்தி, பிறகு விலக்கிக்கொண்டது. பெட்டி பயணத்தில் இருக்கும் நாட்களிலும் மூலத்தில் தரவு மாறிக்கொண்டே இருப்பதால், பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு விடுபட்டதைக் கம்பி வழியாக ஈடுகட்ட வேண்டும். காப்பகங்களுக்கும் பழைய பேக்கப்புகளுக்கும் பெட்டி பொருத்தமானது; நேரலை இயந்திரத்தின் வட்டுக்கு அல்ல.

மாறிய பின் வட்டின் வேகம்

கருவிகளை ஒப்பிடும் பட்டியல்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது; பயனர்கள் குறைகூறுவதோ இதைப் பற்றித்தான். உள்ளகச் சேமிப்பகத்தில் ஒரு சிறிய வட்டும் முழு அர்ரேயின் (பல வட்டுகளின் தொகுப்பின்) வேகத்தைப் பகிர்ந்துகொள்ளும். கிளவுடில் வேகம் வட்டின் வகையோடும் அளவோடும் கட்டப்பட்டிருக்கிறது. அஸூரின் பிரீமியம் எஸ்எஸ்டியில் 128 கிகாபைட் வட்டுக்கு 500 ஐஓபிஎஸ் (விநாடிக்கு நடக்கும் படிப்பு, எழுத்துச் செயல்களின் எண்ணிக்கை), 1 டெராபைட் வட்டுக்கு 5000. சிறிய வட்டுகள் சுமார் அரை மணி நேரம் வரை 3500 ஐஓபிஎஸ் வேகத்தில் ஓடிவிட்டுப் பின் அடிப்படைக்கு இறங்கும் என்பதால், இருபது நிமிடச் சோதனை ஓட்டம் எதையும் காட்டிக்கொடுக்காது. அமேசானின் ஜிபி3 வட்டு அளவு எதுவானாலும் 3000 ஐஓபிஎஸ் தருகிறது; அங்கே சிக்கவைக்கும் இடம் வேறு. ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவான வட்டில் பிளாக்குகள் முதன்முறை படிக்கப்படும்போதுதான் பின்னாலுள்ள சேமிப்பகத்திலிருந்து இறங்குகின்றன. மாற்றம் முடிந்த முதல் காலையில் டேட்டாபேஸ் மந்தமாக இருப்பதற்கு இது பொதுவான காரணம். வட்டு முழுவதையும் ஒருமுறை படித்து முடிப்பதை மாற்ற நேரத்துக்குள்ளேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விண்டோஸில் இன்னொன்று. அஸூரின் பல இயந்திர வகைகளில் தற்காலிக வட்டு டி எழுத்தை எடுத்துக்கொள்ளும். மூலத்தில் தரவு டி டிரைவில் இருந்தால், அது ஈ ஆகி, சேவைகள் பாதையைக் காணாமல் நிற்கும். இடமாற்றத்துக்கு முன்பே புதிதாகக் காணும் வட்டுகளை விண்டோஸ் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் எஸ்ஏஎன் கொள்கையை 'எல்லாவற்றையும் ஆன்லைன்' என்று அமைத்துவிட்டால் எழுத்து மாறாமல் வரும். தற்காலிக வட்டே இல்லாத இயந்திர வகையைத் தேர்ந்தெடுப்பது அதைவிட எளிது.