டர்பன் பழைய புத்தகக் கடையில் விக்கா அலமாரி: மூன்று புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு எழுதுகிறேன்

அக்கா மகளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், "சின்னம்மா, நான் விக்கா படிக்கப்போகிறேன்" என்றாள். விக்கா என்பது மேற்கே இருக்கும் ஒரு மதம், அதில் இருப்பவர்கள் தங்களை 'விட்ச்' (சூனியக்காரி) என்றே சொல்லிக்கொள்வார்கள். அக்கா அழுதுவிட்டாள். 'விட்ச்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்குப் பில்லி சூனியம், செய்வினை, முச்சந்தியில் அறுத்துப் போட்ட எலுமிச்சம்பழம் என்று மனசு எங்கெங்கோ போய்விட்டது. எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பிள்ளை ஒன்றைப் படிக்க வேண்டும் என்று கேட்டால் நல்ல புத்தகமாகக் கொடுப்பதுதான் பெரியவர்கள் செய்யக்கூடிய காரியம் என்று நினைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் கிளென்வுட் பக்கம் இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன்.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மிக நல்ல கடை. உட்கார்ந்து படிக்க நாற்காலி போட்டிருக்கிறார்கள், யாரும் விரட்டுவதில்லை, வாங்கிய புத்தகத்தை ஒரு மாதத்துக்குள் கொண்டுபோனால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். விக்கா அலமாரியில்தான் எல்லாம் கலந்து கிடக்கிறது. ராசிபலன், தேவதைச் சீட்டு, படிகக்கல், நடுவில் 'தொடக்கநிலையினருக்கு' என்று போட்ட இருபது புத்தகம். மூன்றை எடுத்தோம், மொத்தம் 310 ரேண்ட். தலைப்புகளை எழுதப்போவதில்லை, ஏனென்றால் அதே சரக்கு வேறு வேறு அட்டையில் வருகிறது, தலைப்பை விட எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு உதவும்.

முதல் புத்தகம் வெள்ளி எழுத்து பதித்த தடி அட்டை. திறந்தவுடனே விக்கா பல ஆயிரம் வருடமாக அறுபடாமல் வந்த மதம், ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று சொல்லித் தொண்ணூறு லட்சம் பேரை எரித்தார்கள், பண்டைய அயர்லாந்தில் உருளைக்கிழங்கை வைத்து வழிபட்டார்கள் என்று அடுக்குகிறது. உருளைக்கிழங்கில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நம் சமையலுக்கு மிளகாய் எப்படிக் கப்பலில் வந்ததோ, அப்படி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த கிழங்கு அது. பண்டைய அயர்லாந்துக்காரர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வழியே இல்லை. அப்புறம் நூலகத்துக்குப் போய் மற்றதையும் தேடினேன். தொண்ணூறு லட்சம் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் தன் ஊர்ப் பக்கத்துக் கணக்கை வைத்துப் பெருக்கிப் போட்ட எண். இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். இங்கிலாந்தில் அவர்களை எரிக்கவும் இல்லை, தூக்கில் போட்டார்கள். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள், எரிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. நாற்பதாயிரம் உயிர் என்பதே நெஞ்சு அடைக்கிற எண்தானே, அதை ஏன் ஊத வேண்டும்? செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை சரியாக எண்ணுவதுதான்.

சரி, உண்மையில் விக்கா எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் வெளியிட்ட 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தின் வழியாகத்தான் அது பொதுவெளிக்கு வந்தது. தான் 1939இல் ஒரு பழைய சூனியக் குழுவில் தீட்சை பெற்றதாக அவர் சொன்னார். அவருடைய தொடக்ககாலச் சடங்குகளில் மாயவித்தை நூல்கள் எழுதிய ஆங்கிலேயர் அலிஸ்டர் குரோலியின் வரிகள் இருந்தன, டோரீன் வாலியென்டே என்ற பெண்மணி அவற்றில் பெரும்பகுதியை மாற்றி அழகாகத் திருப்பி எழுதினார். இந்த கார்ட்னர் 1900இல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் என்று படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் ஜனங்கள் இங்கே நேட்டாலில் கரும்பு வெட்டிய காலத்தில், அங்கே மலையில் நம் ஜனங்கள் பறித்த கொழுந்தைச் சுற்றித்தான் அந்தப் பையன் நடந்திருக்கிறான்.

எழுபது வருட மதம் என்றால் மதிப்புக் குறைவு என்று நான் சொல்லவில்லை. புதிதாகப் பிறந்ததைப் புதிது என்று சொல்லும் புத்தகத்தை நம்பலாம், அவ்வளவுதான். பிள்ளைக்கும் அதைத்தான் சொன்னேன். வரலாறு முழுவதும் வேண்டுமென்றால் ரொனால்ட் ஹட்டன் 1999இல் எழுதிய 'தி ட்ரையம்ப் ஆஃப் தி மூன்' இருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர் எழுதியது, தடிமன், மெதுவாகத்தான் நகரும், ஆனால் எதை எங்கிருந்து எடுத்தார் என்று ஒவ்வொரு இடத்திலும் காட்டுகிறார்.

இரண்டாவது புத்தகம் சின்னப் பெண்களுக்கென்று எழுதியது, வண்ணப் படங்களோடு. இதைப் படிக்கும்போதுதான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. புத்தகத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் எங்கே வருகிறது என்று தேடி அந்தப் பக்கத்தை முதலில் படிப்பது. எனக்குத் தெரிந்தது காளி. ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான், புனித வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இந்தப் புத்தகம் காளியை 'அழிவின் இருண்ட தேவி' என்று இரண்டு வரியில் முடித்து, பழிவாங்க வேண்டிய இரவில் கறுப்பு மெழுகுவத்தி ஏற்றி அவளைக் கூப்பிடச் சொல்கிறது. அம்மா என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் உடம்புக்குள் இருப்பதாக யோகத்தில் சொல்லும் ஏழு சக்கரம், வானவில் வரிசையில் ஏழு நிறம், 'பண்டைய இந்திய மரபு' என்று போட்டிருக்கிறது. நம் பழைய நூல்களில் இந்தச் சக்கரங்களுக்குச் சொன்ன நிறம் வேறு. தொப்புள் பக்கத்துச் சக்கரமான மணிபூரகத்தின் இதழ்களுக்கு மழைமேக நிறம் சொன்ன நூல் உண்டு. வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேற்கே பூசியது. எனக்குத் தெரிந்த இரண்டு இடத்திலும் தவறிய புத்தகத்தை, எனக்குத் தெரியாத, பண்டைய ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் கும்பிட்ட தெய்வங்களைப் பற்றி எப்படி நம்புவேன்?

இதைவிடக் கோபம் வந்தது மூலிகைப் பக்கத்தில். புதினா இனத்துச் செடியான பென்னிராயலின் எண்ணெயை 'சுத்திகரிப்புக்கு' என்று போட்டிருக்கிறார்கள், அது ஈரலைக் கெடுக்கும் விஷம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஊமத்தையும் பட்டியலில் இருக்கிறது. இங்கே சாலையோரத்தில் தானாக முளைக்கும் செடி அது, ஆஃப்ரிகான்ஸ் பேசுபவர்கள் 'மல்பிட்' என்பார்கள், பைத்திய விதை என்று பொருள். பத்தொன்பது வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும் புத்தகத்தில் இப்படி எழுதலாமா? இந்தப் புத்தகத்தை அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காரணத்தையும் சொன்னேன், அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது மெலிந்த புத்தகம், முதுகு ஒடிந்தது, 60 ரேண்ட். இதற்குத்தான் என் ஓட்டு. விக்கா 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறது. இது நான் செய்வது, இது மற்றவர்களிடம் வாங்கியது என்று பிரித்துக் காட்டுகிறது. சாத்தான் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை, விக்காவில் அதற்கு இடமில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது (அந்தப் பக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்). சில குழுக்களில் ஆடையில்லாமல் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை, விருப்பமில்லாததை யாராவது வற்புறுத்தினால், பணம் கேட்டு நெருக்கினால், எழுந்து வந்துவிடு என்கிறது. பெண்பிள்ளை வீட்டுக்கு இந்த ஒரு பக்கமே போதும்.

ஆனால் இதிலும் ஒரு பெரிய குறை. எழுதியவர் வட அரைக்கோளத்தில் இருந்துகொண்டு எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அக்டோபர் 31இல் சாவைன் என்ற பண்டிகை, இலையுதிர்காலம், இறந்தவர்களை நினைக்கும் இரவு என்கிறார். அந்தச் சமயம் டர்பனில் ஜகரண்டா பூத்து வெயில் ஏறிக்கொண்டிருக்கும். ஜூன் 21 கோடையின் உச்சி என்கிறார், இங்கே அது குளிர்காலம், மத்தி மீன் கூட்டம் கரைக்கு வரும் பருவம். சடங்கில் சூரியன் போகும் திசையில் வலமாகச் சுற்று என்கிறார். நம் கோயிலில் எந்த ஊரானாலும் வலம்தான் வருவோம், அதற்கு வேறு காரணம், ஆனால் சூரியனைப் பின்தொடர்வதுதான் காரணம் என்றால் இங்கே இடமாகத்தான் சுற்ற வேண்டும், ஏனென்றால் டர்பனில் உச்சி வெயில் வடக்கே நிற்கிறது. வலப்பக்கம் வெளிச்சமாக இருந்தால் வளர்பிறை என்று போட்ட படமும் நமக்குத் தலைகீழ், இங்கே வளர்பிறைக்கு இடப்பக்கம்தான் ஒளிரும். அந்தப் படத்தை நம்பினால் தேய்பிறையில் செய்ய வேண்டியதை வளர்பிறையில் செய்வாள்.

இன்னொன்று, வெளிநாட்டில் அச்சடித்த எந்தத் தொடக்க நூலும் இந்த நாட்டைப் பற்றிச் சொல்லாது. இங்கே 1957ஆம் ஆண்டின் சூனிய ஒடுக்குமுறைச் சட்டம் என்று ஒன்று உண்டு, ஒருவரைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டுவதும் அதன்படி குற்றம், தனக்குச் சூனியம் தெரியும் என்று சொல்லிக்கொள்வதும் குற்றம். இன்று லிம்போபோ என்று அழைக்கும் மாகாணத்தில் அப்படிப் பழி சுமத்திக் கொன்ற கொலைகளை விசாரிக்க 1995இல் ஓர் ஆணையமே அமைத்தார்கள். 'நான் ஒரு விட்ச்' என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொள்ளச் சொல்லும் அமெரிக்கப் புத்தகத்துக்கு இது தெரியாது. பிள்ளையிடம் இதை நான்தான் உட்கார வைத்துச் சொன்னேன்.

மூன்றாவது புத்தகத்தை நாங்கள் வைத்துக்கொண்டதற்குக் கடைசிக் காரணம், அதை முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர். பண்டிகைப் பக்கங்களில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பென்சிலால் திருத்தியிருக்கிறார். அக்டோபர் 31ஐ அடித்து ஏப்ரல் 30, டிசம்பர் 21ஐ அடித்து ஜூன் 21, பிறைப் படத்துக்குக் கீழே 'இங்கே மறுபக்கம்' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில். அக்கா மகள் அதே பென்சில் நிறத்தில், மூலிகைப் பக்கத்தில் மக்வர்ட் என்ற செடியைப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், அதே இனத்து இந்த ஊர்ச் செடியின் ஜூலு பெயரை, தாத்தா சளிக்குக் காய்ச்சித் தரும் உம்லோன்யானே என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கடைக்கு ஐந்துக்கு நாலு. அலமாரிக்கு இரண்டு. இந்தப் பென்சில் புத்தகத்துக்கு ஐந்து.