‘ஒரு சொட்டு சிந்தாது’ என்று எனக்கு விற்றது ஏர் கம்ப்ரசர் கப்ளர்

கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் (டியூபில் தண்ணீர் ஓட்டிச் சூட்டை இறக்கும் ஏற்பாடு) போட்டிருப்பவர்களும் போடப்போகிறவர்களும் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது அம்மாவிடம் நான் திட்டு வாங்கிய கதை மட்டுமே. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நான் கோவையில் வீட்டு உள் அலங்கார வேலைகளுக்கு 3டி ரெண்டரிங் செய்கிறவன். கிராபிக்ஸ் கார்டு ராத்திரி முழுக்க ஓடும். மாடி அறையின் சூட்டோடு ஃபேன் இரைச்சலும் சேர்ந்து தாங்க முடியாமல்தான் வாட்டர் கூலிங்குக்குப் போனேன். அதில் ஒரு தொல்லை உண்டு. கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் எல்லாத் தண்ணீரையும் வடிக்க வேண்டும். திரும்ப ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை கேபினெட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். அரை நாள் போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் டியூபையும் கார்டையும் இணைக்கும் குயிக் டிஸ்கனெக்ட் என்ற கப்ளர். ஆண் முனை ஒன்று, பெண் முனை ஒன்று. காலரைப் பின்னுக்கு இழுத்தால் பிரியும், பிரிந்த அந்த நொடியே இரண்டு முனைகளுக்குள்ளும் இருக்கும் ஸ்பிரிங் வால்வு மூடிக்கொள்ளும். நல்ல பொருளென்றால் பிரித்த இடத்தில் ஒன்றிரண்டு துளி ஈரம்தான் இருக்கும்.

காந்திபுரம் பக்கம் கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் கடை ஒன்றில் கூலன்ஸ் கம்பெனியின் கியூடி3 என்ற குயிக் டிஸ்கனெக்ட் கேட்டேன். “ஸ்டாக் இல்ல ப்ரோ, வர ஒரு மாசம் ஆகும். இது இம்போர்ட்டட், அதே குவாலிட்டி, ரெண்டு சைடும் லாக் ஆகும், ஒரு சொட்டு சிந்தாது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கூடவே பளபளவென்று ஒரு படம். 2 ஜோடி 7,800 ரூபாய், மாட்டுக்கூலி 3,500. பாதி ஜிபேயில் யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்குப் போனது. பில்லில் ‘பிட்டிங் 4’ என்று மட்டும் இருந்தது. எந்தப் பிட்டிங், யார் தயாரிப்பு, ஒன்றும் இல்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பையன் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றினான். வீட்டில் பிளம்பரும் இதைத்தானே செய்கிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பிசி வாட்டர் கூலிங்கில் எல்லாமே ஜி கால் இஞ்ச் மரை. மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன். தண்ணீரைத் தடுப்பது மரை கிடையாது, பிட்டிங்கின் தலைக்கடியில் உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு சின்ன திருப்பு கொடுத்தால் முடிந்தது. டேப் தேவைப்படுவது நுனியில் சிறுத்துப் போகும் டேப்பர் மரைக்குத்தான். எனக்கு மாட்டியது அதுதான். அதை கார்டின் மேல் உட்காரும், தண்ணீர் ஓடும் அக்ரிலிக் பிளாக்கில் திருகி இறுக்குவதும் மரத்தில் ஆப்பு அடிப்பதும் ஒன்று. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

அப்புறம் லீக் டெஸ்ட். கேஜ் வைத்த கைப்பம்பில் அரை பார் காற்று ஏற்றி, 15 நிமிஷம் முள் அசையவில்லை என்று காட்டினார்கள். நானும் திருப்தியாகிவிட்டேன். ஏமாந்தது சரியாக இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் கோர்த்த நிலையில் செய்யும் டெஸ்ட் அது. கோர்த்திருக்கும்போது எந்தக் கப்ளரும் பிடிக்கும். பிரித்தால் என்ன ஆகும் என்பதை அந்த முள் சொல்லாது. “ஒருதரம் கழட்டிக் காட்டுங்க” என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ரெண்டர் ஓட்டினால் கார்டு 68 டிகிரி. இதே கார்டு நண்பனிடம் 52-ல் நிற்கிறது. போன் போட்டால் “பபிள் போகணும் ப்ரோ, ஒரு வாரம் ஓடட்டும்” என்றார்கள். வாரம் போனது, பபிளும் போனது, டிகிரி இறங்கவில்லை. பிற்பாடு வெர்னியர் வைத்து அளந்தால் டியூபின் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், அவர்கள் மாட்டிய ஆண் முனையின் துவாரம் 5. விட்டம் பாதியானால் வழி கால்வாசி. எந்தக் குயிக் டிஸ்கனெக்டும் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும்தான், இது கழுத்தை நெரித்துவிட்டது.

ஆறாவது வாரம் ரிசர்வாயரில், அதாவது தண்ணீர்த் தொட்டியில், தண்ணீரின் நிறம் மாறியது. நான் ஊற்றியது நிறமில்லாத கூலன்ட். அது கருப்பட்டிக் காபியில் நாலு பங்கு தண்ணீர் கலந்த மாதிரி ஆகிவிட்டது. கார்டின் பிளாக்கைத் திறந்து பார்த்துவிடலாம், அதற்குத்தானே குயிக் டிஸ்கனெக்ட் போட்டோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆண் முனை இரண்டும் கார்டின் பிளாக்கிலேயே திருகியிருந்தன, பெண் முனைகள் டியூபில். முதல் காலரை இழுத்தேன். டியூப் பக்கம் கம்மென்று மூடிக்கொண்டது. கார்டு பக்கம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு “அம்மா, சொம்பு! சொம்பு!” என்று கத்தினேன். அம்மா சொம்போடு மாடி ஏறி வருவதற்குள் விரலிடுக்கு வழியாக கார்டின் முதுகு, அதன் கீழே மதர்போர்டு, அதற்கும் கீழே பவர் சப்ளை எல்லாம் நனைந்துவிட்டது. மேலே ரிசர்வாயரில் இருந்த தண்ணீர் இன்னொரு டியூப் வழியாகக் கார்டுக்குள் இறங்கி இந்த வாய் வழியாக வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது ஜோடியையும் அப்போதே பிரித்திருந்தால் மேலிருந்து வருவது நின்றிருக்கும். அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. சொம்பு நிறைந்ததும் அம்மா சொன்னது: “இதுக்கு அந்த ரூமுக்கு ஒரு ஏசி போட்டிருக்கலாம்.”

இதன்பின் நடந்ததில் என் தப்பும் இருக்கிறது. ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிட்டு, காய்ந்துவிட்டதென்று செவ்வாய் சாயங்காலம் ஆன் செய்தேன். சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் என்றால் ஒருவேளை தப்பித்திருக்கும். துருவும் ரசாயனமும் கலந்த தண்ணீர் காய்ந்தால் அந்தப் படிவு போர்டிலேயே தங்கி, மின்சாரத்துக்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் கழுவிவிட்டுத்தான் ஆன் செய்திருக்க வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. கார்டு செருகும் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் போர்டு போய்விட்டது, 19,000 ரூபாய். கார்டு பிழைத்தது. அதன் பிளாக்கைத் துடைக்கும்போது பார்த்தால் ஆண் முனை இறங்கிய துளையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். ஆப்பு வேலை.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று அறுத்துப் பார்க்க, கணபதியில் லேத் வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி இரண்டு நொடி பார்த்தார். “ஏந்தம்பி, இது ஏர் லைன் கப்ளராச்சே. இதுல எதுக்குத் தண்ணி உட்டீங்க?” என்றவர், சுவரில் தொங்கிய கம்ப்ரசர் ஹோஸை எடுத்து அதன் முனையில் என் 7,800 ரூபாய் சமாச்சாரத்தைச் செருகினார். ‘கிளிக்’. கச்சிதமாக உட்கார்ந்தது.

அவர் சொன்ன விளக்கம் இது. ஏர் லைனில் கம்ப்ரசர் பக்கம் மட்டும் மூடினால் போதும். டூல் பக்கம் ஹோஸில் மிச்சமிருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியே போவதுதான் நல்லது. அதனால் பெண் முனைக்குள் மட்டும் வால்வு, ஆண் முனை வெறும் குழாய். அதுவும் பித்தளை இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் காட்டினால் லபக்கென்று பிடிக்கிற இரும்பு, மேலே மட்டும் முலாம். உள்பக்கம் துரு பூத்துக் கிடந்தது. செம்பும் நிக்கலும் இருக்கிற தண்ணீரில் இரும்பையும் சேர்த்து விட்டால் முதலில் அரிபடுவது இரும்புதான். காபி நிறத்துக்குக் காரணம் அது. டூல்ஸ் கடையில் இதே ஜோடி 190 ரூபாய். அண்ணன் ஊழியரை அனுப்பி வாங்கி வரச்சொல்லி என் முன்னால் வைத்தார். அச்சாக அதே.

கடைக்குப் போனேன். முதலில் “உங்களுக்குக் கழட்டத் தெரியல ப்ரோ” என்றார்கள். இரண்டு முனைகளையும் மேஜையில் வைத்ததும் “யூஸ் பண்ணிட்டீங்களே” என்றார்கள். கடைசியில் 1,500 ரூபாய்க்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதையும் காட்டினார்கள்.

நீங்கள் வாங்குவதானால் கடையிலேயே ஆண் முனையைத் தனியாக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் உள்ளே வால்வு இல்லை, அதோடு பேச்சு முடிந்தது. தெரியவில்லை என்றால் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், இரண்டு முனையிலும் காற்று போகக்கூடாது. காந்தம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வாட்டர் கூலிங்குக்கான நல்லவை பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை, காந்தம் ஒட்டாது. மரையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், தலைக்கடியில் ஓ-ரிங் இருக்கிறதா, டேப்பை எடுக்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். ஓ-ரிங்குக்கு வேசலின் தடவ வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலியம் பட்டால் ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ் பரவாயில்லை. கார்டின் ஒரு வாயில் ஆண், இன்னொன்றில் பெண் என்று மாற்றி மாட்டச் சொல்லுங்கள். கார்டைக் கழற்றிய பிறகு மிஞ்சும் இரண்டு டியூபையும் ஒன்றோடொன்று கோர்த்து சிபியுவை மட்டும் ஓட்டலாம். எனக்கு இரண்டுமே ஆண், அந்த வசதியும் போயிற்று.

அப்புறம் மதர்போர்டுக்குப் பவர் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, தண்ணீர் நிறைந்தபின் பம்பை நிறுத்தி, டிஷ்யூ விரித்து அவர்கள் கையாலேயே ஒருதரம் பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழுதான பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆறு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்த நான் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டேன். என்னிடம் மிச்சமிருந்தது, இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி விற்றார்கள் என்ற வாதம் மட்டும். அதற்குச் சாட்சி அந்த ‘ரெண்டு சைடும் லாக் ஆகும்’ வாட்ஸ்அப் வரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நானே எழுதினேன். நாலு முனைகளும் ஒரு டிபன் டப்பாவில், சாட்சியாக.

போன வாரம் லேத் அண்ணன் போன் செய்தார். “தம்பி, அந்தப் பெண் முனை ரெண்டையும் என்ன பண்ணப் போறீங்க? சும்மாதான கிடக்குது, என் கம்ப்ரசருக்கு ஆகும்ல.” கேஸ் முடியட்டும்ணா என்றேன்.