இ.சி.எச்.எஸ். கார்டோடு இத்தனை வருடம்: ஆபரேஷனுக்குக் காசு போகவில்லை, மாத்திரைக்குத்தான் போகிறது

2006-இல் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்று தண்டையார்பேட்டைக்குத் திரும்பியபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில்தான் ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஆயுசுக்கும் வைத்தியம் என்றார்கள். அப்போது பென்ஷனைப் பொறுத்து 1,800-இலிருந்து 18,000 வரை கட்டணம். பிற்பாடு அதை ஏற்றி ஹவில்தார் வரைக்கும் 30,000, சுபேதார்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என்று ஆக்கிவிட்டார்கள். அதைக்கூட நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் 2019-இல் நடுராத்திரி நெஞ்சு வலி வந்தபோது, திட்டத்தின் பட்டியலில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினான். கார்டைக் காட்டினோம், இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், நான்கு நாள் ஜெனரல் வார்டு, வெளியே வரும்போது கையெழுத்து மட்டும்தான் போட்டேன். என் பென்ஷனில் அந்தப் பில்லைக் கட்டியிருக்க வழியே இல்லை.

காசு கரைவது அதற்கப்புறம்தான். ஸ்டென்ட் வைத்தவனுக்கு மாத்திரை நிற்காது, வீட்டுக்காரிக்கோ சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. ஆரம்பத்தில் திட்டத்தின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக்கில் எழுதிக் கொடுத்ததெல்லாம் கவுன்டரிலேயே கிடைத்துவிடும். போன மாதம் அவள் சீட்டில் ஐந்து மருந்து, கவுன்டரில் இருந்தவர் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் என்.ஏ. என்று எழுதினார், அதாவது இருப்பில் இல்லை. "அடுத்த வாரம் வந்து பாருங்கய்யா" என்றார். சர்க்கரை மாத்திரை அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா? வெளியே வாங்கி, பில், சீட்டு, கார்டு ஜெராக்ஸ் எல்லாம் வைத்து எழுதிக் கொடுத்தால் பணம் வரும், வராமல் போனதில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் நம் கைக்காசுதான். அவள் கணக்கு நோட்டில் 2012-இல் மருந்துக்கு மாதம் முந்நூறு ரூபாய்கூட இல்லை, இப்போது இரண்டாயிரத்து எழுநூறு. போக வர ஆகும் செலவு தனி. 2021-இல் மெட்ரோ நம்ம பக்கம் வந்த பிறகு அது கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"நைனா, இதுக்காக எதுக்கு அலையுற, நான் வாங்கித் தரேன்" என்கிறான் மகன். அவன் சம்பளத்தில் அவன் பிள்ளைகள் படிக்க வேண்டும். இது நான் இருபது வருடம் வேலை செய்து, பணமும் கட்டிப் பெற்ற உரிமை, அதை விடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்று, படுக்கை. முழங்கால் வலிக்குப் பாலிகிளினிக்கில் ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனால், கார்டு என்றதும் பெட் காலி இல்லை, காசு கட்டினால் நாளைக்கே அட்மிஷன் என்றார்கள். ரொம்ப வலித்தது, முழங்கால் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் விகிதப்படிதான் பணம் போகும், அந்த விகிதம் பல வருடம் பழையதாகவே இருந்தது, பில்லும் இழுத்துக்கொண்டே போகும். 2025 அக்டோபரில்தான் விகிதங்களைப் பெரிய அளவில் மாற்றினார்கள். அதனால் கதவு திறக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கார்டு வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். பணம் திரும்பி வந்தாலும் அந்த சி.ஜி.எச்.எஸ். விகிதப்படிதான் வரும், மிச்சம் நம் தலையில். இருப்பில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி பெயர் இல்லாமல் ஜெனரிக் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கிடைத்தால் விலை நன்றாகவே குறையும், எங்களுக்கு இரண்டு மருந்து அப்படித்தான் ஓடுகிறது. திட்டத்தில் சேராத பழைய பென்ஷன்காரர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி உண்டு. பாலிகிளினிக்கே பக்கத்தில் இல்லாத ஊர்க்காரருக்கு அது சரி, ஆனால் ஒரு ஸ்டென்ட் என்று வந்தால் அந்த ஆயிரம் எந்த மூலைக்கு?

வருகிற திங்கட்கிழமை அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். ரெஃபரல் வாங்கியாயிற்று. லென்ஸுக்கு வித்தியாசப் பணம் கேட்கிறார்களா என்று முடிந்த பிறகு எழுதுகிறேன்.