கசான் கிரெம்ளின் நடைச்சுற்றுலா: கான்களின் அரியணைப் போட்டியை எவ்வளவு விளக்குகிறது?

ரஷ்யாவின் தாத்தாரிஸ்தானில், கசான் கிரெம்ளின் கோட்டைக்குள் தனியார் நிறுவனம் ஒன்று நடத்தும் இந்த வழிகாட்டிச் சுற்றுலா, கட்டடங்களைக் காட்டுவதைவிட, 1552இல் மாஸ்கோ கசானைக் கைப்பற்றும் வரை அங்கே கான்கள் எனப்பட்ட தாத்தார் மன்னர்களிடையே அரியணைக்காக நடந்த போட்டியை விளக்குவதையே முதன்மையாகக் கொண்டிருக்கிறது. அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறுகிறது. தொடக்கம்தான் பலவீனமாக இருக்கிறது.

பொன் ஓர்டா என்ற மங்கோலிய வழிப் பேரரசின் அரியணையை இழந்து வடக்கே வந்த, கசான் கான்களின் முன்னோரான உலுக் முகம்மதுவையும், 1445இல் சூஸ்தால் அருகே அவருடைய மகன்கள் மாஸ்கோ ஆட்சியாளர் இரண்டாம் வசீலியைச் சிறைப்பிடித்ததையும் விரிவாகச் சொல்லும் வழிகாட்டி, மற்றொரு மகனான காசிமை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். காசிம் மாஸ்கோவிடம் அடைக்கலம் புகுந்து ஓகா ஆற்றங்கரையில் ஒரு நகரை (பின்னாளில் அவர் பெயரால் காசிமோவ்) பெற்றதும், 1467இல் மாஸ்கோ படையோடு கசான் அரியணையைக் கோரி வந்து தோற்றதும் சிறு செய்திகள் அல்ல. உரிமை கோரத் தகுதியுள்ள செங்கிஸ் கான் வம்சத்தவர் ஒருவரை மாஸ்கோ எப்போதும் கைவசம் வைத்திருக்கும் வழக்கத்தை அறியாதவருக்கு, 1519இல் காசிமோவிலிருந்து ஷா அலி வந்து கானாக அமர்ந்தது விளங்கவே விளங்காது.

சுற்றுலாவின் சிறந்த பகுதி நூர் சுல்தான் பற்றியது. கசானை ஆண்ட இப்ராகிம் கான் இறந்தபின் அவருடைய இரு மனைவியரின் மகன்களான இல்காமும் முகம்மது அமீனும் மோதினர். 1487இல் மாஸ்கோ படைகள் நகரைக் கைப்பற்றி இல்காமை வொலோக்தாவுக்கு நாடுகடத்தி, முகம்மது அமீனை அமர்த்தின. அவருடைய தாயான நூர் சுல்தான் பின்னர் கிரீமியாவின் கான் மெங்லி கிராயை மணந்தவர். மாஸ்கோ ஆட்சியாளர் மூன்றாம் இவானுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். மூன்று அரசவைகளை ஒரு பெண்ணின் வழியாக இணைத்துச் சொல்லும் இந்த விவரிப்புக்காகவே கட்டணம் கொடுக்கலாம். மாஸ்கோ அமர்த்திய அதே முகம்மது அமீன் 1505இல் மாஸ்கோவுக்கு எதிராகவே திரும்பியதையும் வழிகாட்டி மறக்கவில்லை.

சூயும்பிகே கோபுரத்தின் அடியில் நேர்மையாகவே பேசுகிறார். அரசி அங்கிருந்து குதித்தாள் என்பது கதை மட்டுமே. கிரீமிய வம்சத்தவரான கசான் கான் சஃபா கிராய் 1549இல் இறந்தபின் குழந்தை மகன் ஓதெமிஷ் பெயரால் ஆண்ட அவருடைய மனைவி சூயும்பிகே, 1551இல் மகனோடு மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு ஷா அலிக்கே மணமுடிக்கப்பட்டார். இன்றைய கோபுரம் கசான் வீழ்ந்தபின் எழுந்தது என்றே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்.

ஷா அலியும் சஃபா கிராயும் தலா மூன்று முறை அரியணை ஏறியவர்கள் என்பதால் அச்சிட்ட வம்சாவளிப் படம் ஒன்று அவசியம், அது தரப்படவில்லை. கான்களை அழைக்கவும் விரட்டவும் வல்ல ஷிரின் முதலிய குலத் தலைவர்களும் பெயரளவில்தான் வருகிறார்கள். 1552 முற்றுகையைக் கேட்க விரும்புவோருக்கு இச்சுற்றுலா ஏற்றதன்று. கடைசிக் கான் யாதிகாரோடு அந்தப் பகுதி சுருக்கமாக முடிந்துவிடுகிறது.