மிக்கேலாவா, சம்மர்ஹில்லா?

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987லேயே ஒழிந்துவிட்டது. இன்றைய சண்டையெல்லாம் விதிகள் எவ்வளவு கடுமையாக இருக்கலாம், அவற்றை யார் போடுவது என்பதைப் பற்றித்தான். இரண்டு எதிரெதிர் பள்ளிகளைப் பார்ப்போம்.

லண்டன் வெம்பிளியில் 2014ல் தொடங்கிய மிக்கேலா பள்ளியில் பிள்ளைகள் நடைவழியில் வாய் திறக்கக் கூடாது. பேனா கொண்டுவர மறந்தாலும் கரும்புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் தண்டனையாகப் பள்ளி முடிந்தும் உட்காரவைப்பார்கள். கேட்கவே மூச்சு முட்டுகிறது. ஆனால் நுழைவுத் தேர்வும் கட்டணமும் இல்லாத இந்தப் பள்ளி, மாணவர் முன்னேற்றத்தை அளக்கும் அரசுப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் பிடித்திருக்கிறது. நடைவழியில் கேலிக்கும் தள்ளுமுள்ளுக்கும் அஞ்சும் பிள்ளைக்கு அந்த அமைதி ஒரு பாதுகாப்பு என்பதையும் மறுக்க முடியாது. மறுபக்கம், கவனக்குறைபாடு (ADHD) உள்ள பிள்ளைக்குப் பேனாவை மறப்பது குற்றமல்ல, இயல்பு. அதற்குத் தண்டனை கொடுத்தால் மாறப்போவது எது? பள்ளி வளாகத்தில் தொழுகைச் சடங்குக்கு விதித்த தடையும் உயர் நீதிமன்றம் வரை போனது. 2024ல் பள்ளியே வென்றது.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள சம்மர்ஹில் பள்ளி நேர் எதிர். ஏ. எஸ். நீல் என்ற கல்வியாளர் 1921ல் தொடங்கியது. வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். விதிகள் அங்கும் ஏராளம். ஆனால் அவற்றைப் போடும் கூட்டத்தில் சிறுவனுக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. 1999ல் அரசு ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். மூடவேண்டி வருமோ என்ற நிலையில் பள்ளி வழக்காடியது. அடுத்த ஆண்டே வழக்கு சமரசத்தில் முடிந்தது, பள்ளி தப்பியது. ஒன்று மட்டும் உறுத்துகிறது: இது கட்டணப் பள்ளி. பிள்ளை தாமதமாகப் படித்தாலும் தாங்கிக்கொள்ளும் வசதி வீட்டில் இருக்க வேண்டும்.

பதற்றமோ கவனக்குறைபாடோ உள்ள பிள்ளையை நான் மிக்கேலாவில் சேர்க்கமாட்டேன். வீட்டில் படிக்க இடமில்லாத, வகுப்பறைக் கூச்சலில் தொலைந்துபோகும் பிள்ளைக்கு அதையே தேர்ந்தெடுப்பேன்.