களப்பணிக்கு மதிப்பெண்: அறிக்கையைப் பார்த்தா, குறிப்பேட்டைப் பார்த்தா?

மாணவர்களின் புவியியல் களப்பணியை இரண்டு விதமாக எடைபோடலாம். கடைசியில் தரும் அறிக்கையை மட்டும் வாசிப்பது ஒன்று. களத்தில் எழுதிய குறிப்பேட்டையும் வாங்கி, இரண்டையும் ஒத்துப்பார்ப்பது மற்றொன்று. அறிக்கை மட்டும் என்றால் வேலை சீக்கிரம் முடியும், வாசிக்கவும் எளிது. ஆனாலும் என் ஓட்டு குறிப்பேட்டுக்குத்தான்.

காரணம், சராசரி எதையும் மூடிவிடும். ஆற்றில் 10 மீட்டர் தூரத்துக்கு மிதவை விட்டு, மூன்று முறை நேரம் பார்க்கிறார்கள்: 12.4, 12.6, 21.0 வினாடி. அறிக்கையில் ஏறுவது சராசரி 15.3 வினாடி, வேகம் வினாடிக்கு 0.65 மீட்டர். குறிப்பேட்டில் 21.0-க்குப் பக்கத்தில் 'புல்லில் சிக்கியது' என்று கிறுக்கியிருக்கிறது. அதை ஒதுக்கினால் வேகம் 0.80. வேகம் குறைந்தால், அதை வைத்துக் கணக்கிடும் நீர்வரத்தும் (ஒரு வினாடியில் ஆற்றில் ஓடும் நீரின் அளவு) அதே விகிதத்தில் குறையும். இதைக் கண்டுபிடித்து எழுதும் மாணவருக்குத்தான், தன் வேலையின் குறைகளைத் தானே எடைபோடும் மதிப்பீட்டுப் பகுதியின் முழு மதிப்பெண். 'இன்னும் அதிக இடங்களில் அளந்திருக்கலாம்' என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். எந்த எண் பிசகியது, அது முடிவை எந்தப் பக்கம் தள்ளியது என்று சொன்னால்தான் கணக்கு.

ஐந்தே இடங்களில் அளந்துவிட்டு ஸ்பியர்மேன் தர ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகளின் தரவரிசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண், உச்சம் 1.0) 0.9 வந்தது என்று பூரிக்கும் அறிக்கைகளும் உண்டு. உறவு எந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாத இருமுனைச் சோதனையில், 5% மட்டத்தில் (உறவே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5%-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பில்), ஐந்து இணைகளுக்கு 1.0 வந்தால்தான் தேறும்.

குறிப்பேட்டில் முதலில் பார்க்க வேண்டியவை தேதி, நேரம், முந்தின நாள் மழை, ஆழத்தைச் சம இடைவெளியில் எடுத்தார்களா என்பது. தப்பான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்திருந்தால் நல்ல அறிகுறி. ஒரே மையில், ஒரு கறையும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பிரதி எடுத்தது என்று சந்தேகப்படலாம்.

இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. முழுதும் சரிபார்க்க வேண்டாம். ஏதாவது ஓர் இடத்தை எடுத்து, குறிப்பேட்டு எண்ணிலிருந்து அறிக்கையின் முடிவுவரை கணக்கைத் திரும்பப் போட்டாலே போதும். குழுவாக அளந்திருந்தால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், அங்கே தனி மாணவரைப் பிரித்தறிய அறிக்கைதான் கைகொடுக்கும். கேள்வித்தாள் வைத்து மக்களிடம் கேட்ட ஆய்வுகளுக்கும் குறிப்பேடு இவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.