கழித்தலில் விடுபட்ட எண்: விதியா, எண்கோடா, பட்டைப் படமா?

12 − 7 = □ என்னும் கணக்கைத் தடுமாறாமல் போடுகிற இரண்டாம் வகுப்புக் குழந்தை, அதே எண்களைக் கொண்ட 12 − □ = 5, □ − 7 = 5 ஆகியவற்றில் திணறுவதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். புளியங்கொட்டைகளை வைத்துச் செய்து பார்த்தால் காரணம் விளங்கிவிடும். 12 − □ = 5 எனில், பன்னிரண்டு கொட்டைகளை எடுத்துவைத்து, ஐந்து மிஞ்சும்வரை அகற்றிக்கொண்டே வரலாம். □ − 7 = 5 எனில், முதலில் எத்தனை கொட்டைகளை எடுத்துவைப்பது என்பதே தெரியாததால், கை தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கணக்குகளைக் கற்பிக்கும் எந்த முறையையும், கட்டம் முதலில் வரும்போது அது குழந்தைக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும்.

பெற்றோரும் தனிப்பயிற்சி ஆசிரியர்களும் பெரிதும் நாடுவது விதி முறையை: முதல் எண் விடுபட்டிருந்தால் கூட்டு, இரண்டாம் எண் விடுபட்டிருந்தால் கழி. ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மறுநாள் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கணக்குகளுக்கு நேரெதிரான இரண்டு கட்டளைகளை மனப்பாடம் செய்யும் குழந்தை, சில வாரங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. ‘கழித்தலுக்கு எதிர்ச்செயல் கூட்டல்’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 12 − □ = 5 என்பதற்கு 17 என்று எழுதும் குழந்தைக்கு, 12-லிருந்து 17-ஐ எடுத்து 5 மிஞ்சுமா என்னும் ஐயமே எழுவதில்லை. 5 = 12 − □ என்று பக்கம் மாற்றி எழுதிவிட்டாலோ, எது முதல் எண், எது இரண்டாம் எண் என்பதே தெரியாமல் போய்விடும். சமக்குறியை ‘இருபுறமும் ஒரே மதிப்பு’ என்று பார்க்காமல், ‘இப்போது விடையை எழுது’ என்னும் ஆணையாகக் குழந்தைகள் எடுத்துக்கொள்வது உலகெங்கும் காணப்படும் ஒன்று. விதி முறை அந்தப் பழக்கத்தைத் தொடாமலே கடந்துவிடுகிறது.

எண்கோடு இதைவிட நேர்மையானது. 52 − □ = 37 என்னும் கணக்கில், 37-இல் தொடங்கி 40-க்கு 3, 50-க்கு 10, 52-க்கு 2 எனத் தாவிச் சென்றால் விடுபட்ட எண் 15 என்பது கண்முன்னே தெரிகிறது. கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான் என்பதால், குழந்தைக்கு இது புதிதாகவும் இருக்காது. இடைவெளியைக் கேட்கும் கணக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்றே சொல்வேன். எனினும் □ − 15 = 37 என்று வரும்போது, கோட்டில் எங்கே விரலை வைப்பது என்னும் பழைய சிக்கல் திரும்பி வருகிறது. 37-இல் தொடங்கி வலப்புறம் 15 நகர வேண்டும் என்பது நமக்கு வெளிப்படை. கழித்தல் குறியைக் கண்டதும் இடப்புறம் நகரப் பழகிய குழந்தைக்கோ அது முரணாகவே படும்.

மூன்றாவது, 1980-களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கிய மாதிரிப் பட முறையில் வரும் பட்டைப் படம். நீளமான ஒரு பட்டை முழுமையைக் குறிக்கும். அதன் கீழே அதே நீளத்துக்கு ஒட்டி வரையப்படும் இரு துண்டுகள் பகுதிகளைக் குறிக்கும். கழித்தலில் முதல் எண் எப்போதும் முழுமை, மற்ற இரண்டும் பகுதிகள். மேல் பட்டை காலியாக இருந்தால் கீழுள்ள இரண்டையும் சேர்க்க வேண்டும், கீழ்த் துண்டு காலியாக இருந்தால் மேலிருந்து மற்றதை எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானே பார்த்துச் சொல்லிவிடும். விதி முறையின் இரண்டு கட்டளைகளும் இங்கே ஒரே படத்திலிருந்து பிறப்பதால், மறந்தாலும் மீட்டெடுக்க முடிகிறது. 12 − □ = 5 என்பதற்கு 17 என்னும் விடையும் இங்கே நுழைய இடமில்லை; பகுதி முழுமையை மீறி நீண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நேரம் பிடிக்கும் என்பதே இதன் குறை; எந்த எண் முழுமை என்று கண்டுகொள்ளவே சில வகுப்புகள் செல்லும். அந்தப் பொறுமை இல்லாமல் வரைய வைத்தால், பட்டையும் வெறும் அலங்காரமாகிவிடும்.

ஆகவே இந்த மூன்றில் நான் முதலிடம் தருவது பட்டைப் படத்துக்கே. இரண்டிலக்க எண்களுக்கு வந்தபின் எண்கோட்டைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். விதியைக் குழந்தையே தன் சொற்களில் சொல்லும் நாள்வரை ஆசிரியர் அதை வாய்திறந்து சொல்லாமல் இருப்பதே நல்லது.

எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் செய்யும் நிரல் கழித்தலில் இலக்கங்கள் விடுபட்டு வருவது மட்டும் தனி வகை. 6□ − □8 = 27 என்பதில் பட்டையும் கோடும் அவ்வளவாக உதவா. விடையிலிருந்து மேல்நோக்கிக் கூட்டச் சொல்வதே வழி: ஒன்றுகளில் 7-உம் 8-உம் சேர்ந்தால் 15, எனவே மேலே 5, மிஞ்சிய ஒரு பத்தோடு 2 சேர்ந்தால் 3, அது 6 ஆவதற்கு இன்னும் 3 வேண்டும். 65 − 38 = 27. இங்கேயும் 6□ முழுமை, மற்ற இரண்டும் பகுதிகள் என்பதை முன்பே கண்டுகொண்ட குழந்தைக்கு, கழித்தல் கணக்கில் ஏன் கூட்டுகிறோம் என்று தனியே விளக்க வேண்டியிருக்காது.